பொருள் நடுவில் ஒளியாது

கிரிப்டிக் குறுக்கெழுத்தின் குறிப்பில் பொதுவாக இரண்டு பகுதிகள்: விடையின் நேர்ப்பொருள் ஒன்று, விடையின் எழுத்துகளைக் கட்டும் சொல்விளையாட்டு மற்றொன்று. “கிரிப்டிக் குறிப்பில் நேர்ப்பொருள் எங்கே வேண்டுமானாலும், நடுவில்கூட இருக்கலாம்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. முதலிலோ கடைசியிலோதான் இருக்கும். ‘கதைக்குள் விழா தொடங்கச் செய்யுள் (3)’ என்பதைப் பாருங்கள்; 3 என்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. விழாவின் தொடக்கம் ‘வி’. அதைக் ‘கதை’க்குள் நுழைத்தால் கவிதை. பொருள், கடைசியில் நிற்கும் ‘செய்யுள்’. நடுவிலுள்ள ‘விழா’வைப் பிடித்துக்கொண்டு பண்டிகை, வைபவம் என்று அலைந்தால் நேரம்தான் போகும். ‘தொடங்கச்’ என்பதிலுள்ள ச் வெறும் சந்தி. அதை விடைக்கான எழுத்தாக எண்ணக் கூடாது (புதியவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்). குறிப்பு முழுவதுமே பொருளாகிற வகை உண்டு, ஒரே விடையின் இரண்டு பொருளை ஒட்டிவைக்கிற வகையும் உண்டு. அவற்றிலும் பொருள் நடுவில் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்காது.