தீர்மானம் நியூயார்க்கில், புல்டோசர் ஜங்புராவில்

ஐ.நா. சபை எதற்காவது தீர்மானம் போட்டது என்று செய்தி வந்தால் போதும், நம் ஆட்கள் யாராவது ஒருவர் "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று எழுதிவிடுவார். டெல்லித் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் இதைப் பல தடவை பார்த்துவிட்டேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏடு நன்றாகவே உதவுகிறது. யாருடைய கறிக்கு உதவுகிறது என்பதில்தான் வம்பு.

1972இல் ஸ்டாக்ஹோமில் மனிதச் சூழல் பற்றி ஐ.நா. மாநாடு நடந்தது, இந்திரா காந்தி போய்ப் பேசினார். அங்கே எடுத்த முடிவுகளை நிறைவேற்றவே இதைக் கொண்டுவருகிறோம் என்று 1981 காற்று மாசுச் சட்டத்தின் முகப்புரையிலும், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் முகப்புரையிலும் எழுதியே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை. 1993இல் இந்தியா அதை ஏற்றது. நாலே வருஷத்தில் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக் கையாண்டது. இன்று நம் அலுவலகங்களில் பாலியல் தொல்லைக்கு ஒரு புகார்க் குழு இருக்கிறதென்றால் அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. சட்டம் வர 2013 ஆனது, அது வேறு கதை.

இப்போது தென் டெல்லியில் இருக்கும் ஜங்புராவுக்கு வருவோம்.

2022 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை, தூய்மையான, ஆரோக்கியமான சூழலில் வாழ்வது மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 161, எதிர்ப்பு பூஜ்யம், நடுநிலை 8. இந்தியா ஆதரித்தது. அதற்கு முந்தைய வருஷம் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் இதே விஷயம் வந்தபோது சீனா, ரஷ்யா, ஜப்பானோடு சேர்ந்து நடுநிலை வகித்த நாடு, பொதுச்சபையில் கை தூக்கியது நல்ல விஷயம்தான்.

மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூன் 1 அன்று, அங்கே பாராபுல்லா நாலாவின் (சாக்கடையும் மழைநீரும் ஓடும் பெரிய வாய்க்கால்) கரையில் இருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி. காரணம், நாலாவைத் தூர்வார வேண்டும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. சூழல் காரணம்தான். 370 குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள், பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தவர்கள். ஜங்புரா, நிஜாமுதீன், லாஜ்பத் நகர் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, குழந்தை பார்த்துக்கொண்ட பெண்கள். முதல் கணக்கெடுப்பில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று வந்தவை 189. பிறகு சில குடும்பங்களைச் சேர்த்தார்கள். அப்படியும் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒன்றும் இல்லை. கிடைத்தவர்களுக்கும் நரேலாவில். டெல்லியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நரேலா நகரத்தின் வடகோடி, கிட்டத்தட்ட ஹரியானா எல்லை. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் ஒரு வீட்டில் டீ போட வேண்டிய அக்கா அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்? பிள்ளைகள் லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். நரேலாவில் தமிழ் படிக்க எங்கே போவார்கள்?

இதற்கும் ஏடு இருக்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. அதன் 11ஆம் உறுப்பு போதுமான வீட்டுவசதியைச் சொல்கிறது. "போதுமான" என்றால் என்ன என்று 1991இல் அந்த உடன்படிக்கைக்கான குழு விளக்கியது: நாலு சுவரும் கூரையும் மட்டும் போதாது, வேலை, பள்ளி, மருத்துவம் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 1993இல் ஐ.நா. மனித உரிமை ஆணையம் ஒரு படி மேலே போய், கட்டாய வெளியேற்றம் மனித உரிமைகளை மோசமாக மீறும் செயல் என்றே தீர்மானம் போட்டது.

டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் இதெல்லாம் புதிதில்லை. 2010இல் சுதாமா சிங் வழக்கு, 2019இல் ஷகூர் பஸ்தி என்ற குடிசைப் பகுதி பற்றிய அஜய் மாக்கன் வழக்கு. இரண்டிலும் சர்வதேச ஆவணங்களை எடுத்துவைத்து, முதலில் கணக்கெடு, மக்களோடு பேசு, மறுவாழ்வுக்கு வழி செய், அப்புறம்தான் இடிப்பது என்று சொன்ன நீதிமன்றம் இது. அந்த இரண்டு அமர்விலும் இருந்த நீதிபதி முரளிதர் நம்ம ஊர்க்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மறைப்பானேன்.

ஆக, சூழலுக்கு ஒரு ஏடு, வீட்டுக்கு ஒரு ஏடு. சூழல் ஏட்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, அதையும் ஏழையின் ஜுக்கி (குடிசை) மேல்தான் முதலில் பிரயோகிக்கிறார்கள் என்பதே என் ஆத்திரம்.

"அரசு நிலத்தில் வீடு கட்டினால் இடிக்காமல் கொஞ்சுவார்களா?" என்று கேட்பீர்கள். நாலா அடைத்துக்கொண்டால் வெள்ளம் வரும், உண்மை. முதலில் மூழ்குவதும் கரையில் இருப்பவர்கள்தான். தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலாவில் ஓடுவது யாருடைய சாக்கடை? தென் டெல்லியின் பங்களாக்கள், மார்க்கெட்டுகள் எல்லாவற்றின் கழிவும்தான். யமுனையின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட வராத டெல்லிப் பகுதி, ஆற்றின் மாசில் முக்கால் பங்குக்குப் பொறுப்பு. 2004இல் ஆறு கெடுகிறது என்று ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியான யமுனா புஷ்தாவிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அகற்றினார்கள். கொஞ்ச வருஷத்தில் எதிர்க்கரையில் காமன்வெல்த் விளையாட்டுக் கிராமம் எழுந்தது. ஆறு சுத்தமாகிவிட்டதா? நவம்பரில் காளிந்தி குஞ்ச் பக்கம் போய் நுரையைப் பாருங்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒல்கா டெல்லிஸ் தீர்ப்பு ஞாபகம் வரும். 1985, பம்பாய் நடைபாதையில் குடியிருந்தவர்களின் வழக்கு. மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, வறட்சியால் வேலை இல்லாமல் 1961இல் பம்பாய் போனவர். ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். பிளாஸ்டிக் ஷீட் போட்ட இருப்பிடத்துக்குக் குடிசைப் பகுதி தாதாவிடம் 2,500 ரூபாய் கொடுத்தார். 1981 ஜூலையில் அதை இடித்து, மனைவி, மூன்று பெண்களோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடி பம்பாய்க்கே வந்தார். வேலை அங்கேதானே இருக்கிறது? வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்ற பெரிய சட்ட வாசகம் அந்த வழக்கில்தான் கிடைத்தது. கூடவே, மழைக்காலம் முடிந்ததும் இடிக்கலாம் என்ற அனுமதியும் கிடைத்தது.

2025இலும், மதராசி கேம்ப்காரர்களில் ஊர் திரும்ப விரும்புபவர்களுக்கு உதவுவோம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஜங்புராவில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு எது ஊர்?

மாற்று வீட்டுக்கான தகுதியை டெல்லியின் 2015 மறுவாழ்வுக் கொள்கை காகிதத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. 2015 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும், அடையாள ஆவணம் வேண்டும். ஒரே ஜுக்கியில் இருபது வருஷம் இருந்தவருக்கு இனிஷியல் ஒரு கார்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருக்கும். அப்பா பெயர் இந்தியில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி. இதைச் சரிசெய்ய ஜெனீவா போக வேண்டாம். டெல்லியில் தமிழ் வக்கீல்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரிகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ஆர்.கே.புரத்தில் சங்கம் இருக்கிறது, பட்டிமன்றத்துக்குக் கூட்டமும் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேஜை போட்டு, மிச்சமிருக்கும் தமிழ்க் குடியிருப்புகளின் ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஒத்துப்பார்க்கலாம். இந்தி விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.