20 மில்லி சிரிஞ்சும் 40 பக்க நோட்டும்

"நேத்து எங்க ஏரியால செம மழை" என்று போட்டோவோடு பதிவு போடுகிறோம். அதில் தகவல் எதுவும் இல்லை. ஒருவருக்கு 15 மி.மீ. செம மழை, இன்னொருவருக்கு 80 மி.மீ.

2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியில் இருக்கும் ஆயிரக்கணக்கான தெருக்களில் எவ்வளவு பெய்தது? யாராவது மாடியில் ஒரு பாத்திரம் வைத்து ஒழுங்காக அளந்திருந்தால்தான் தெரியும். அமெரிக்காவின் கொலராடோவில் இதே அனுபவம்தான். 1997 ஜூலையில் ஃபோர்ட் காலின்ஸ் ஊரின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்து வெள்ளம் வந்தது, மறுபக்கம் சாதாரண மழை. அடுத்த வருடமே கோகோராஸ் என்ற பெயரில் பொதுமக்களே வீட்டில் மழை அளக்கும் திட்டம் தொடங்கி, இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது.

இப்படிப் பொதுமக்களே அளந்து தகவல் சேர்க்கும் குடிமக்கள் அறிவியல் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஏதாவது ஒரு ஆப். என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது ஒரு புனல்.

விளிம்பில் உள்விட்டம் சரியாக 16 செ.மீ. இருக்கும் புனலாகத் தேடுங்கள். காரணம், அதன் வாய்ப் பரப்பு 201 சதுர செ.மீ.; அதாவது 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி தண்ணீர் சேரும். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் ஒரு முழுக் குழல் என்றால் 1 மி.மீ., பாதிக் குழல் என்றால் அரை மி.மீ. மழை அதிகமென்றால் குழந்தைகளின் பால் புட்டி போதும், 240 மில்லி என்றால் 12 மி.மீ. புனலை 5 லிட்டர் கேனில் செருகிவிடுங்கள். அந்தக் கேன் 250 மி.மீ. வரைதான் தாங்கும். 2015 மாதிரி ராத்திரி என்றால் நடுவில் ஒருமுறை அளந்து கொட்டிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும்.

வெளிவிட்டத்தை அளந்து ஏமாறாதீர்கள். 16 என்று நினைத்த புனல் 15.5 ஆக இருந்தால் கணக்கில் 6 சதவீதம் போய்விடும். சமையலறைப் புனல்கள் ஆழம் குறைந்தவை, பெரிய துளிகள் விழுந்து தெறித்து வெளியே போகும். விளிம்பில் நேர்ச்சுவர் உயர்ந்திருக்கும் புனல்தான் நல்லது. 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை வெட்டி ஸ்கேல் ஒட்டும் முறை பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சரி. அடிப்பாகம் மேடு பள்ளமாக இருப்பதால் சின்ன மழையெல்லாம் தப்பாகத்தான் காட்டும்.

வைக்கும் இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மொட்டைமாடி கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் காற்று சுவரில் மோதி மேலே எழும், மழை புனலைத் தாண்டிப் போய்விடும். சுவரோ மரமோ தண்ணீர்த் தொட்டியோ, அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். விளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். அதற்கும் கீழே என்றால் தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். தினமும் கொட்டிக் கழுவாவிட்டால் மழைமானி கொசுப் பண்ணையாகிவிடும்.

நேரம் காலை 8.30. வானிலைத் துறையும் அப்போதுதான் அளக்கிறது. ஐந்தாம் தேதி காலை அளந்தது ஐந்தாம் தேதிக் கணக்கு, "நேத்துப் பெய்ததுதானே" என்று நாலாம் தேதியில் எழுதினால் மற்ற யாருடைய பதிவோடும் ஒட்டாது. மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். அளக்காத நாளுக்குக் கோடு. இரண்டும் ஒன்றல்ல, வெற்றிடத்தைப் பின்னால் யார் பார்த்தாலும் புரியாது. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம்: பார்த்த எல்லாப் பறவையையும் பட்டியலிட்டால்தான் எது அங்கே இல்லை என்பதும் தெரியும்.

சரி, அளந்து என்ன ஆகப் போகிறது? இங்கேதான் கிணறு வருகிறது.

1000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. பெய்தால் 93 லிட்டர். 20 மி.மீ. மழையில் ஆவியானது, தெறித்தது எல்லாம் கழித்தும் 1500 லிட்டர் இறங்கும். மாடியிலிருந்து இறங்கும் குழாய் வடிகட்டித் தொட்டி வழியாக நாலடி விட்டமுள்ள உறைகிணற்றுக்குப் போகிறது என்றால், கசிவே இல்லாத பட்சத்தில் மட்டம் ஒன்றேகால் மீட்டர் ஏற வேண்டும். ஊறிப் போவதால் அவ்வளவு ஏறாது. ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு சாண்கூட ஏறவில்லையென்றால் தொட்டியைத் திறந்து பாருங்கள், ஜல்லிமேல் வண்டல் கேக் மாதிரிப் படிந்திருக்கும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமானது. அப்போது கட்டிய தொட்டிகளில் எத்தனை இன்னும் வேலை செய்கின்றன என்பதை இன்ஸ்பெக்‌ஷனைவிட இந்த ஒரு சாண் நன்றாகச் சொல்லும்.

கிணற்றை அளக்க டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள், ஈரம் தொட்ட கோடு பளிச்சென்று தெரியும். கைப்பிடிச் சுவரில் பெயிண்ட் அடையாளம் வைத்து எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். வாரம் ஒருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால். மோட்டார் ஓடி முடிந்ததும் அளந்தால் கிணற்றின் மட்டம் கிடைக்காது, மோட்டாரின் வேகம்தான் கிடைக்கும். போர்வெல்லில் இதைச் செய்யாதீர்கள். டேப் கேபிளில் சிக்கினால் மோட்டாரையே தூக்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரிக் கடைசியில் மட்டம் 6.2 மீட்டர் ஆழம், மோட்டார் தண்ணீர் இழுக்கும் குழாயின் அடிவாயான ஃபுட் வால்வ் 7.2-ல், வாரம் 10 செ.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பத்து வாரம். மே முதல் வாரத்தில் மோட்டார் காற்றை இழுக்கும், அதன்பின் 12,000 லிட்டர் லாரிதான். "நீரைச் சேமிப்போம்" என்று சுவரில் எழுதிவைத்தால் யாரும் குழாயை மூடுவதில்லை. "பத்து வாரம்" என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிப் பாருங்கள், வாஷிங் மெஷின் தண்ணீர் வாளியில் பிடிபடும், தொட்டி நிரம்பி வழிவதும் நிற்கும். தினம் பத்து நிமிடம் வழியவிடுகிற 1 ஹெச்.பி. மோட்டார் வருடத்துக்குச் சுமார் 60 யூனிட் தின்கிறது, இன்றைய மின் உற்பத்தி நிலவரத்தில் 40 கிலோவுக்கு மேல் கரியமிலவாயு. சின்னக் கணக்குதான், பூமியைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்ட இதில் ஒன்றும் இல்லை.

அதேபோல் மூன்று வருட நோட்டை வைத்துக்கொண்டு "எங்கள் தெருவில் காலநிலை மாறிவிட்டது" என்று கிளம்பிவிடாதீர்கள். வானிலைக்காரர்கள் சராசரி போடவே 30 வருடம் எடுக்கிறார்கள், இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரை. உங்கள் நோட்டுக்கு மதிப்பு வேறு: எந்தத் தெருவில் எத்தனை மி.மீ. பெய்தால் தண்ணீர் நிற்கிறது என்பது. 64.5 மி.மீ. தாண்டினால் வானிலைத் துறை கனமழை என்கிறது. உங்கள் தெரு 40-லேயே மூழ்குகிறதா? ஒரு பருவமழை முழுக்க அளந்த தேதியும் அளவும் கையில் இருந்தால், வார்டு கூட்டத்தில் "தண்ணி நிக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை.

16 செ.மீ. புனல் கிடைக்காதவர்கள் உள்விட்டத்தை கமெண்ட்டில் போடுங்கள். 1 மி.மீ.க்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.