தன்னார்வலர் என்ற பெயரும் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாயும்

குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. முன்பெல்லாம் மாத்திரை வாங்குவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, பேருந்து ஏறிப் போய், வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார்; நடவு, களையெடுப்பு நாட்களில் கூலி போய்விடுமே என்று மாத்திரையே இல்லாமல் இருந்துவிடுவதும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த நிலையை மாற்றியது. இப்போது இரண்டு மாதத்துக்கான மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம் என்று மனதாரச் சொல்கிறேன். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன்.

அந்த மாத்திரையைக் கொண்டுவரும் பெண்ணைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அரசுத் தாள்களில் அவர் 'பெண் சுகாதாரத் தன்னார்வலர்'. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் கொடுத்தார்கள். பின்பு அது 5,500 ஆனது. மாதத்தில் இருபத்தாறு நாள் வேலை என்று கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 212 ரூபாய்கூட வரவில்லை. 2025-26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலியே 336 ரூபாய். காலையில் சில மணி நேர வேலைதானே என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் பெண்கள் ஏழு மணிக்கெல்லாம் வயலில் இறங்கிவிடுவார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டுமானால் இவர் ஆறு மணிக்கே தெருவில் நிற்க வேண்டும், விட்டுப்போனவர்களுக்காக அந்தி சாயும் நேரத்தில் மறுபடியும் வர வேண்டும்.

போன ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரை முழுவதும் சேறாகிக் கிடந்த ஒரு காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரஷர் பார்க்கும் கருவியை இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றி முந்தானைக்குள் அணைத்திருந்தார். தலையும் முதுகும் தொப்பலாக நனைந்திருந்தன. "அத்தை, சாப்பிடறதுக்கு முன்னாடி சுகர் பாத்துடலாம்" என்றவர், விரலைத் துடைத்து, ஊசி குத்தி, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அம்மா அவருடைய வலது மணிக்கட்டில் இருந்த கட்டைக் கவனித்துக் கேட்டார். முந்தின வாரம் வரப்பில் வழுக்கி விழுந்ததாகவும், வைத்தியச் செலவைக் கைக்காசிலேயே பார்த்துக்கொண்டதாகவும் சொன்னார்.

இந்த இடத்தில்தான் 'தன்னார்வலர்' என்ற சொல் வேலை செய்கிறது. பணியாளர் என்றால் குறைந்தபட்ச ஊதியம், மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கான இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு, வேலை நேரத்தில் அடிபட்டால் இழப்பீடு, பேறுகால விடுப்பு என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. தன்னார்வலருக்கு ஊக்கத்தொகை மட்டும்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அது மருத்துவமனையில் படுத்தால் உதவும், மணிக்கட்டு வீங்கி வீட்டில் உட்கார்ந்த நாட்களின் வருமானத்தைத் தராது.

2015 முதல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு எடுக்கப்பட்ட செவிலியர்களும் நெடுங்காலம் போராடித்தான் உயர்வு பெற்றார்கள். ஆனாலும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று நீதிமன்றத்தில் நின்று கேட்க அவர்களால் முடிந்தது. அங்கன்வாடி ஊழியர்களின் வழக்கு இதற்கு இன்னும் நெருக்கமானது. நீங்கள் வாங்குவது மதிப்பூதியம், சம்பளம் அல்ல என்றுதான் அவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது; 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்குப் பொருந்துகிற நியாயம், வீடு வீடாகப் போய் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் பெண்ணுக்கு ஏன் பொருந்தாது?

பணி நிரந்தரம் உடனே வராது என்பதை அறிவேன். முதலில் அரசாணையில் 'தன்னார்வலர்' என்பதைப் 'பணியாளர்' என்று மாற்றட்டும். குறைந்தபட்ச ஊதியத்தையும் இஎஸ்ஐ அட்டையையும் அத்துடன் கொடுக்கட்டும். அம்மாவின் அடுத்த மாத்திரைத் தவணை தை அறுவடையோடு சேர்ந்து வருகிறது. ஆட்கள் வயலுக்குப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று, ஐந்தரை மணிக்கே வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.