வராத நோய்க்கு இன்றே விதை

மார்க்கர், அதாவது வேண்டிய ஜீன் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளம், வைத்துக் கோதுமை ரகம் உருவாக்குகிறார்கள் என்று சொன்னதும் நண்பர் ஒருவர், "அப்போ மரபணு மாற்றுப் பயிர்தானே?" என்றார். இல்லவே இல்லை. நம் முன்னோர் காலத்துக் கலப்புதான் இதுவும்: ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியில் சேர்க்கிறார்கள். பிறக்கும் நூற்றுக்கணக்கான நாற்றுகளில் வேண்டிய ஜீன் எதில் இறங்கியிருக்கிறது என்று இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி டி.என்.ஏ.வில் பார்க்கிறார்கள். பார்ப்பதோடு சரி, எதையும் செருகுவதில்லை.

இது ஏன் அவசரம் என்றால், 1998-இல் உகாண்டாவில், கோதுமைத் தண்டில் துருப்போலப் படர்ந்து பயிரை அழிக்கும் தண்டுத் துரு நோயின் புதிய பூஞ்சை ஒன்று தென்பட்டது. யூ.ஜி.99 என்று பெயர். அதுவரை பல நாட்டுக் கோதுமைக்கும் காவல் எஸ்.ஆர்.31 என்ற ஒரே ஜீன். பஞ்சாப், ஹரியானாவில் வயல் வயலாக நின்ற பி.பி.டபிள்யூ.343 ரகத்திலும் அதே காவல்தான். புதிய பூஞ்சை அதைத் தாண்டிவிட்டது. கென்யா, எத்தியோப்பியா, ஏமன் என்று காற்றோடு நகர்ந்து 2007-இல் ஈரான் வரை வந்தது.

நம் நாட்டு வயலில் இல்லாத பூஞ்சை அது. சோதித்துப் பார்க்க இங்கே கொண்டுவருவது தற்கொலை. அதனால் விதைகளைக் கென்யாவின் நிஜோரோ என்ற ஊருக்கு அனுப்பி அங்கே நோயில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. மார்க்கர் இருந்தால் பூஞ்சையே இல்லாமல், எதிர்ப்பு ஜீன் எந்த நாற்றில் இருக்கிறது என்று இங்கேயே தெரிந்துவிடும். எஸ்.ஆர்.2 என்ற ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றில் அதன் எதிர்ப்பு வெளிப்படாது. செடி முற்றிய பிறகுதான் நோயின் வேகத்தைக் குறைக்கும். கூடவே வலுவான இன்னொரு ஜீன் இருந்துவிட்டால், எஸ்.ஆர்.2 இருக்கிறதா இல்லையா என்று நோயை மட்டும் பார்த்து எத்தனை அனுபவசாலியின் கண்ணுக்கும் பிடிபடாது. மார்க்கருக்குப் பிடிபடும்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒற்றை ஜீனை நம்பி இனி ஒரு ரகம்கூட வெளிவரக் கூடாது. 2006-இல் கென்யாவில் எஸ்.ஆர்.24 என்ற இன்னொரு காவல் ஜீனும் பூஞ்சையிடம் விழுந்தது. இரண்டு மூன்று ஜீன்களை ஒரே செடியில் அடுக்கினால், பூஞ்சை அத்தனையையும் ஒருசேரத் தாண்டுவது மிகக் கடினம்.

இந்த வேலை நம் நீலகிரியிலும் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கோதுமை நிலையம் இருக்கிறது. சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சை மடிந்துவிடும், குளிர்ந்த மலைகளில் பிழைத்துக் கிடந்து மறுபடி இறங்கும் என்று கண்டு சொன்னவர் ஆக்ராவின் பயிர்நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா. யூ.ஜி.99 இல்லாவிட்டாலும் நம் நாட்டுத் துரு வருடம் முழுக்க வாழும் நீலகிரி மலையில் தப்பிய செடியை நம்பலாம்.

ஆய்வகம் வந்துவிட்டதே, மலையில் வயல் எதற்கு என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. பல மார்க்கர்கள் ஜீனுக்குப் பக்கத்து வீடு மாதிரி, ஜீனே அல்ல. கலப்பில் இரண்டும் பிரிந்துபோனால் மார்க்கர் இருக்கும், எதிர்ப்பு இருக்காது. அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வெலிங்டன் வயலில் நோயோடு நிற்கும் செடிதான் வேண்டும். ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தோடு அந்த வயலுக்கும் ஆளும் பணமும் ஒதுக்குங்கள்.