சம்பந்திகள் பார்த்த தேர்

(இடம்: பாங்காக் தேசிய அருங்காட்சியகம், சனாம் லுவாங் திடலை ஒட்டி. பார்க்க வந்திருப்பவர்கள் இருவர். பெண் கொடுத்தவர் திருவாரூர், கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் எடுத்தவர் பொள்ளாச்சி, கொப்பரை மண்டிக்காரர். பேரனுக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்தீஸ்வரன் கோயிலிலா, ஆனைமலை மாசாணியம்மனிடமா என்று இரண்டு வீட்டுக்கும் இழுபறி. ஊர் திரும்புவதற்குள் பேசி முடித்துவிடுவார்கள் என்ற நப்பாசையில் பிள்ளைகள், சம்பந்தி ஜோடிகள் நால்வரையும் ஒரே சுற்றுலாவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். சம்பந்தியம்மாக்கள் பிரதுநாம் துணிச் சந்தைக்குப் போய்விட்டார்கள்.)

பொள்ளாச்சியார்: ஏனுங் சம்பந்தி, டிக்கெட்டைப் பாத்தீங்ளா? உள்ளூர்க்காரனுக்கு ஒரு வெல, நமக்கு ஒரு வெலயாமுங்.

ஆரூரார்: எங்க பார்க்கிறது? என் கண்ணாடி உங்க சம்பந்தியம்மா கைப்பையில சந்தைக்குப் போயிடுச்சு. இன்னைக்கு நீங்கதான் எனக்குக் கண்ணு. ஒரு பலகை விடாம படிச்சுச் சொல்லணும்.

பொள்ளாச்சியார்: அதுக்கென்னுங், படிச்சாப் போச்சு. நேத்தாட்ட பூட்டுன கேட்டைப் படிக்க வெக்காம இருந்தாச் சரிங்.

ஆரூரார்: திங்களும் செவ்வாயும் லீவுன்னு நான் என்ன கனவா கண்டேன்? சரி, அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு?

பொள்ளாச்சியார்: இந்த எடத்துக்குப் பேரு வாங் நாங். முன் அரண்மனை. 1782-ல இந்த நாட்டு மொத ராமா ராசா தன்ற தம்பிக்குக் கட்டுனதாமுங்.

ஆரூரார்: தம்பிக்கே இத்தனை பெரிசா? எங்க அண்ணன் எனக்குத் திண்ணையில பாதி கொடுக்கவே தாசில்தார் வர வேண்டியிருந்தது.

பொள்ளாச்சியார்: தம்பின்னாத் துணை ராசாங். படையே தனி. அப்பறமேல்ட்டு அஞ்சாவது ராமா சூளாலங்கோர்ன் காலத்துல, அவரோட சித்தப்பன் மகன் இங்க இருந்திருக்காருங்.

ஆரூரார்: பங்காளி!

பொள்ளாச்சியார்: அதேதானுங். 1874 கடைசில பெரிய அரண்மனைப் பக்கம் தீப்புடிச்சிருக்குது. இவரு அணைக்கறதுக்கு ஆளனுப்பியிருக்காரு. உள்ளயே உடமாட்டேன்னுட்டாங்க.

ஆரூரார்: பங்காளி தண்ணி வாளியோட வந்தா எவன்யா நம்புவான்?

பொள்ளாச்சியார்: வாளியில்லீங், ஆயுதத்தோட வந்தாங்களாமா.

ஆரூரார்: அப்ப உள்ள விடாதது நியாயந்தான்.

பொள்ளாச்சியார்: இவரு பயந்துட்டுப் போயி வெள்ளைக்காரன் தூதரகத்துல உக்காந்துட்டாருங். அப்பறம் ராசி பண்ணி வெச்சாங்க. 1885-ல அவரு போயிச் சேந்ததும் அந்தப் பதவியே இனி வேண்டாம்னு எடுத்துட்டாங்க. அரண்மனை மியூசியம் ஆயிருச்சு.

ஆரூரார்: காலா காலத்துல பாகம் பிரிக்கலைன்னா சொத்து கவர்மெண்டுக்குத்தான் போகும். நான் வங்கியில இருந்தப்ப எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்!

(புத்தைசவான் சந்நிதி. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் உள்ளே போய்ச் சிகிங் புத்தரைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.)

பொள்ளாச்சியார்: இவரு சிலோன்ல இருந்து வந்தவருன்னு கதைங். சித்திரை பொறக்கறப்ப இவரை ஊர்வலமா வெளிய எடுத்துட்டு வந்து வெப்பாங்களாமா. சனமெல்லாம் தண்ணி ஊத்திக் கும்புடுமாமா.

ஆரூரார்: உற்சவர் மாதிரின்னு சொல்லுங்க. அடுத்தது என்ன, அந்தக் கொட்டகை?

(ராஜரதக் கூடம். உள்ளே கால் வைத்ததும் ஆரூரார் நின்றுவிடுகிறார்.)

ஆரூரார்: அப்பப்பா! சம்பந்தி, தேரு! அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் தங்க ரேக்கு! அடுக்கடுக்கா நாகம்! சக்கரத்தைப் பாருங்க!

பொள்ளாச்சியார்: இருங், பலகை இருக்குது, படிக்கறேன்.

ஆரூரார்: தேருக்கு எதுக்குங்க பலகை? நான் தேரடியில பொறந்தவன்.

(கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். இருபது பாட் நோட்டை எடுத்துக் கைக்குட்டை முனையில் முடிகிறார். கண்ணை மூடி, கூடம் முழுக்கக் கேட்கும்படி வேண்டுகிறார்.)

ஆரூரார்: தியாகேசா! ஆழித்தேர்ல வர்ற அப்பனே, கடல் தாண்டியும் எனக்காகத் தேரோட வந்து நிக்கிறியே! என் பேரன் நூறு வயசு நல்லா இருக்கணும். அவனும் இந்த மாதிரித் தேர்ல, ஊரே திரண்டு வர, ஜாம் ஜாம்னு ஊர்வலம் போகணும். அவன் மொட்டை வைத்தீஸ்வரன் கோயில்லயே நடக்கணும்.

(பொள்ளாச்சியார் பலகையைப் படித்து முடித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்கிறார்.)

பொள்ளாச்சியார்: முடிஞ்சுதுங்ளா?

ஆரூரார்: ஆச்சு. மனசு நெறஞ்சு போச்சு. இப்பப் படிங்க.

பொள்ளாச்சியார்: மகா பிச்சை ராச்சரோத். 1795-ல மொத ராமா ராசா செஞ்சது. ஒசரம் 11.20 மீட்டர், எடை 13.7 டன்னுங்.

ஆரூரார்: 37 அடிகூட வரலையே! எங்க ஆழித்தேர் அலங்காரம் பண்ணி நின்னா 96 அடி. 300 டன். 1926-ல தீப்பிடிச்சு எரிஞ்சது, 1930-ல புதுசா செஞ்சு நிறுத்திட்டாங்க. ஏதோ, இவங்க வசதிக்கு இதைச் செஞ்சிருக்காங்க. குறை சொல்லக் கூடாது.

பொள்ளாச்சியார்: 216 பேரு இழுப்பாங்களாமுங். 13,700 கிலோவை 216-க்குப் பிரிச்சாத் தலைக்கு 63 கிலோ. கொப்பரை மூட்டையே 50 கிலோதானுங். அந்தக் கணக்குக்கு உங்க தேருக்கு 4,700 பேருக்கு மேல வேணுமே?

ஆரூரார்: வருவாங்க. பத்தாத கொறைக்குப் பின்னாடி புல்டோசர் தள்ளும்.

பொள்ளாச்சியார்: சாமி தேரைப் புல்டோசருங்ளா?

ஆரூரார்: அது... ஒரு ஒத்தாசைக்கு. பிரேக்குகூட ஹைட்ராலிக், திருச்சி பெல் கம்பெனியில பண்ணினது. முன்னெல்லாம் முட்டுக்கட்டை ஒண்ணுதான். அது இருக்கட்டும், இந்தத் தேருக்கு முட்டுக்கட்டையைக் காணோமே, எப்படி நிறுத்துவான்?

பொள்ளாச்சியார்: பின்னாடியும் வடங் கட்டிருப்பாங்களாமுங். முன்னாடி ஒரு கூட்டம் இழுக்கும், பின்னாடி ஒரு கூட்டம் புடிச்சு நிறுத்தும்.

ஆரூரார்: நம்ம ரெண்டு குடும்பம் மாதிரி. சரி, எந்த மாசம் தேரோட்டம்? எங்களுக்குப் பங்குனி, சித்திரையில.

பொள்ளாச்சியார்: மாசக் கணக்கெல்லாம் கெடையாதுங். பூமிபோல் ராசாவுக்கு 2017 அக்டோபர் 26-ல ஓடியிருக்குது.

ஆரூரார்: பட்டாபிஷேகமா?

பொள்ளாச்சியார்: இல்லீங். எடுப்பு.

ஆரூரார்: எடுப்புன்னா?

பொள்ளாச்சியார்: சவ எடுப்புங் சம்பந்தி.

(ஆரூராரின் கை மெல்லக் கைக்குட்டை முடிச்சுக்குப் போகிறது.)

ஆரூரார்: இது... சாவுத் தேரா?

பொள்ளாச்சியார்: ராசா வூட்டுச் சாவுங். சாதா ஆளுக்கு இது வராது. 1795-ல இதைச் செஞ்சதே அந்த ராசா அவங்கப்பன் அஸ்தியைக் கொண்டுட்டுப் போறதுக்குத்தானாமா.

ஆரூரார்: நான் வேண்டிக்கிறப்பவே சொல்றதுக்கு என்ன?

பொள்ளாச்சியார்: கும்புடறப்பக் குறுக்க பேசக் கூடாதுன்னு எங்கப்பாரு சொல்லி வளத்தியிருக்காருங்.

ஆரூரார்: என் பேரனுக்கு நூறு வயசு கேட்ட வாயால...

பொள்ளாச்சியார்: என்ற பேரனுந்தானுங். 'ஊரே திரண்டு வர, ஜாம் ஜாம்னு'ன்னீங்களே, எனக்கு அடி வவுறு கலங்கிப் போச்சு.

ஆரூரார்: இருங்க, இருங்க. முதல்ல என்ன சொன்னேன்? நூறு வயசு. அப்புறம்தானே தேர்? வரிசை சரியாத்தானே இருக்கு?

பொள்ளாச்சியார்: வரிசை சரிங். ஆனா தேரை எதுக்குங் இப்பவே புக் பண்ணோணும்?

ஆரூரார்: பேச்சை மாத்துங்க சம்பந்தி. அந்தா நிக்குதே பூ வேலையோட, அது என்ன?

பொள்ளாச்சியார்: சந்தனக் கட்டையில செஞ்ச தாழிங். அந்தக் காலத்துல ராசா போயிட்டா உக்காந்த வாக்குலயே தாழிக்குள்ள வெப்பாங்களாமா. பூமிபோல் ராசா போனது 2016 அக்டோபர் 13. ஒரு வருசங் கழிச்சுத்தான் தகனம்.

ஆரூரார்: ஒரு வருஷமா! எங்க தெருவுல ஒரு ராத்திரி வெச்சிருந்ததுக்கே ஐஸ் பெட்டிக்காரன் என்னமா வாடகை கேட்டான்.

பொள்ளாச்சியார்: எதுக்கும் பேரனுக்கு ஒரு பரிகாரம் பண்ணிப் போடறது நல்லதுங். பேசாம மொட்டையை மாசாணியம்மனுக்கே...

ஆரூரார்: அதானே பார்த்தேன்! கொப்பரை வெலை ஏறட்டும்னு காத்திருந்த ஆள்தானே நீங்க!

(தாய்லாந்தின் கோன் கூத்து முகமூடிகள் இருக்கும் அறை. ஆரூரார் பேசாமல் வருகிறார். பொள்ளாச்சியாருக்கு நடையே மாறியிருக்கிறது.)

பொள்ளாச்சியார்: அந்தப் பச்சை மூஞ்சி தொத்சகான். நம்ம ராவணன். மிச்சத் தலையெல்லாங் கிரீடத்துல அடுக்கி வெச்சிருக்குது பாருங். இது ஆரு, வெள்ளை மூஞ்சி... அட, நம்ம ஆஞ்சநேயருங்! ராமகியென்னு இவங்க ராமாயணம். சம்பந்தி, நாமக்கல்ல 18 அடி நிக்கறாரே, அவரை மாசந் தவறாமப் பாக்கறவன் நானு. பிரம்மச்சாரி சாமி! வெறும் வெத்தல மாலைக்கே எறங்கி வர்றவரு.

ஆரூரார்: அவர் கதை இங்க எப்படியாம்? படிங்க.

பொள்ளாச்சியார்: பலகையில பெருசா ஒன்னுமில்லீங். போன்ல தேடறேன். (படிக்கிறார்) பாலங் கட்டறப்பக் கல்லெல்லாங் காணாமப் போகுது. ராவணன் மக ஒருத்தி, மச்சகன்னி, பேரு சுபன்னமச்சா. அவ மீனுங்களை உட்டுக் கல்லைத் தூக்கிட்டுப் போறா. அனுமாரு கடலுக்குள்ள குதிச்சு அவளைத் தொரத்திப் புடிக்கறாரு. புடிச்சு...

(நிறுத்துகிறார். போனைச் சட்டைப் பைக்குள் போடப் பார்க்கிறார்.)

ஆரூரார்: ஏன் நிறுத்திட்டீங்க? ஒரு பலகை விடாம படிக்கிறதா பேச்சு.

பொள்ளாச்சியார்: சிக்னல் இல்லீங்.

ஆரூரார்: கொடுங்க இப்படி. எழுத்தைப் பெரிசு பண்ணினா எனக்கே தெரியும். (போனை மூக்குக்கு நேரே பிடித்து) பிடிச்சு... காதலிச்சு... பிள்ளையும் பொறந்திருக்கு! மச்சானுன்னு பேர். மேல குரங்கு, கீழ மீன் வால்!

பொள்ளாச்சியார்: இந்த ஊருக் கதைங் அது. நம்முளுதுல கெடையாது.

ஆரூரார்: இருங்க, இன்னும் இருக்கு. விபீஷணன் மக பெஞ்சகாய்...

பொள்ளாச்சியார்: அவளுமுங்ளா?

ஆரூரார்: அவளுந்தான். சம்பந்தி, வெத்தல மாலை எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு பாருங்க!

பொள்ளாச்சியார்: போனைக் குடுங் இங்க.

ஆரூரார்: அப்ப ராவணன் அனுமாருக்கு மாமனார் ஆகிறான். வாயு பகவானும் ராவணனும் யாரு? நம்மளை மாதிரி சம்பந்திங்க! மாப்பிள்ளை வந்து மாமனார் ஊரைக் கொளுத்திட்டுப் போயிருக்கான்.

பொள்ளாச்சியார்: என்ற மகன் ஒன்னும் உங்க ஊரைக் கொளுத்தலீங்.

ஆரூரார்: உங்க மகனைச் சொல்வேனா? தங்கமான மாப்பிள்ளை. ஆனா தலை தீபாவளிக்கு ராக்கெட் விட்டு எங்க வைக்கோப் போர்...

பொள்ளாச்சியார்: அதுக்குத்தான் அப்பவே பணங் குடுத்துட்டமுங்களே! வாங்க, அடுத்த அறைக்குப் போலாம்.

(ஜாவாச் சிற்பங்கள் இருக்கும் அறை. நடுவில் பெரிய கல் பிள்ளையார். ஆரூராரின் கைகள் குவியப் போய், பாதியில் நிற்கின்றன.)

ஆரூரார்: சம்பந்தி, படிச்சுட்டீங்களா? கும்பிடலாமா? இவர் துக்கம் சம்பந்தப்பட்டவர் இல்லையே?

பொள்ளாச்சியார்: பிள்ளையாருங். ஜாவால சிங்கோசாரிக் கோயில்ல இருந்தவரு. 1896-ல அஞ்சாவது ராமா அங்க போனப்ப டச்சுக்காரன் குடுத்தனுப்பியிருக்கான். இந்த மியூசியத்தை நடத்தற கவின்கலைத் துறைக்கே முத்திரை பிள்ளையார்தானாமா. தாராளமாக் கும்புடுங்.

ஆரூரார்: (கும்பிட்டுக்கொண்டே) உட்கார்ந்திருக்கிற பீடத்துல உருண்டை உருண்டையா செதுக்கியிருக்கே, கொழுக்கட்டையா?

பொள்ளாச்சியார்: மண்டையோடுங்.

ஆரூரார்: சிவ சிவா! இன்னைக்கு நான் யாரையுமே நிம்மதியாக் கும்பிட முடியாதா?

பொள்ளாச்சியார்: பயப்படாதீங். ஜாவால அப்பிடியொரு வழிபாடு இருந்திருக்குதுங். யான மூஞ்சி மாறலையில்ல, நம்ம சாமிதான். எனக்கொரு ரோசனை. எங்கூர்ல எது செய்யறதுன்னாலும் பூவாக்குக் கேப்போமுங். மொட்டை விசியத்தை இவருகிட்டயே கேட்டுப் போட்டா என்னுங்?

ஆரூரார்: பூவுக்கு எங்க போறது?

பொள்ளாச்சியார்: ரெண்டு டிக்கெட் இருக்குதுங்களே. முனை மடிச்சது மாசாணியம்மன், மடிக்காதது வைத்தீஸ்வரன் கோயில். அந்தா நிக்கற காவக்காரம்மாளை ஒன்னு எடுக்கச் சொல்லுவோம்.

ஆரூரார்: முடிவு எதுவா இருந்தாலும் மாறக் கூடாது. எனக்கு விழுந்தா உங்க மாசாணியம்மன்கிட்ட நியாயம் கேட்டு மிளகா அரைச்சுப் பூசக் கூடாது.

பொள்ளாச்சியார்: பூசமாட்டேனுங். பிள்ளையார் சத்தியம்.

(இரண்டு டிக்கெட்டையும் தட்டு மாதிரி உள்ளங்கையில் ஏந்திக் காவலாளிப் பெண்மணி முன் நீட்டுகிறார்கள். அவர் சிரித்த முகமாகக் கைகூப்பி, இரண்டையும் எடுத்து, முனை மடிந்திருந்ததை நகத்தால் நீவிச் சரிசெய்து, அடுக்கி, ஆரூராரிடமே கொடுத்துவிட்டு, மூடும் நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டுகிறார்.)

ஆரூரார்: ரெண்டையும் எடுத்துட்டாங்களே! இதுக்கு என்ன அர்த்தம்?

பொள்ளாச்சியார்: ரெண்டு எடத்துலயும் செய்யுங்கடான்னு அர்த்தமுங்.

ஆரூரார்: அதுவும் சரிதான். காது ரெண்டு இருக்கு. ஒண்ணு வைத்தீஸ்வரன் கோயில்ல குத்துவோம், ஒண்ணு ஆனைமலையில.

பொள்ளாச்சியார்: காதுக்குச் சரிங். தலை ஒன்னுதானுங்களே?

ஆரூரார்: முதல் மொட்டை ஆனைமலையில போடுங்க. விட்டுக் கொடுத்தேன். ஆறு மாசத்துல முடி வளர்ந்துடும், நாங்க வைத்தீஸ்வரன் கோயில்ல ரெண்டாவது மொட்டை போட்டுக்கிறோம். முடி என்ன, வளராமலா போயிடும்?

பொள்ளாச்சியார்: (ஆரூராரின் தலையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு) பையன் உங்க சாடைன்னு எல்லாருஞ் சொல்றாங்களே சம்பந்தி, அதைத்தானுங் யோசிக்கறேன்.