விளக்கம் தர வேண்டியவர் யார்?

2008இல் மும்பை தாஜ் ஹோட்டலில் நடந்த தீவிரவாதத் தாக்குதலைச் சித்திரிக்கும் ‘ஹோட்டல் மும்பை’ திரைப்படம் மத நம்பிக்கையைக் கண்ணியமாகக் கையாண்டிருக்கிறது என்று, அப்படத்தைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் கூறும் கருத்தைப் பெருமளவு ஏற்கிறேன். சீக்கியப் பணியாளர் அர்ஜுனின் தாடியையும் தலைப்பாகையையும் கண்டு அஞ்சும் விருந்தினரிடம், அவர் தம் குடும்பப் படத்தைக் காட்டித் தலைப்பாகையின் சிறப்பைப் பொறுமையாக எடுத்துரைக்கும் காட்சி, தாக்குதலுக்கு ஆளானவரே தம் அடையாளத்துக்கு விளக்கம் தர நேரும் கொடுமையை ஆரவாரமின்றி உணர்த்துகிறது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களை இழந்த கோவையில் வாழும் எனக்கு அது புதிதன்று. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் கோட்டைமேட்டு முகவரியைச் சொன்னதற்காகவே வாடகை வீடு மறுக்கப்பட்டவர்களை நான் அறிவேன்.

ஆனால், ஹோட்டலில் பிணையாகச் சிக்கிய முஸ்லிம் விருந்தினர் சாரா தொடர்பான காட்சி எனக்கு நிறைவளிக்கவில்லை. மரணத்தின் விளிம்பில் அவர் அரபியில் இறைவனை வேண்ட, சுடுமாறு கட்டளை வந்தும் தீவிரவாத இளைஞன் சுடாமல் விட்டுவிடுகிறான். மனத்தை உலுக்கும் காட்சிதான், ஐயமில்லை. எனினும், ஒரே மதம் என்பதால் அவர் பிழைத்தார் என்ற எண்ணமே பார்வையாளரிடம் தங்கிவிடக்கூடும். உண்மையில், அதே தாக்குதலின்போது, 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் முஸ்லிம்களும் பலர் இருந்தனர். பின்னர், கொல்லப்பட்ட 9 தீவிரவாதிகளின் உடல்களைத் தங்கள் கபர்ஸ்தானில் (அடக்கத்தலத்தில்) அடக்கம் செய்ய மும்பை முஸ்லிம் அமைப்பினர் உறுதியாக மறுத்தார்கள். படத்தின் இறுதியில் வரும் எழுத்துகளிலாவது அந்த மறுப்பைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.