பராமரிப்பு யார் பொறுப்பு?

எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் புதிய பசுமைக் குடியிருப்புகளில் மின்கட்டணம் குறையும் என்பதை, அவற்றைப் பற்றி உங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை விரிவாகச் சொல்கிறது; ஆனால், அங்குள்ள இயந்திரங்களை யார் பராமரிப்பது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. தெற்கு லண்டனின் ஹாக்பிரிட்ஜ் பகுதியில் 2002-இல் நிறைவடைந்த பெட்செட் (BedZED) என்ற பசுமைக் குடியிருப்பு இக்கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தக்க சான்று. மரத்துண்டுகளை எரித்து மின்சாரமும் வெந்நீரும் தருவதற்காக அங்கு நிறுவப்பட்ட நிலையம் அடிக்கடி பழுதானதால் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டு, எரிவாயுக் கொதிகலன்கள் அந்த இடத்தைப் பிடித்தன. கழிவுநீரைத் தாவரங்களின் துணையோடு சுத்திகரிக்கும் அமைப்பும் நிறுத்தப்பட்டது. மாறாக, சுவர்களுக்குள் சுமார் 30 செ.மீ. தடிமனில் அமைந்த வெப்பக்காப்பும், தெற்கு நோக்கிய கண்ணாடி முகப்புகளும், காற்றின் திசைக்கேற்பத் திரும்பி வீடுகளுக்குக் காற்றோட்டம் தரும் வண்ணக் கூரைக் குழல்களும், பழுதடையும் பாகங்கள் மிகக் குறைவு என்பதால், குடியிருப்போருக்குத் தொடர்ந்து பயன் தந்துள்ளன. (குளிர்காலத்தில் இதம் தரும் அதே கண்ணாடி, கோடையில் சில வீடுகளைப் புழுங்க வைப்பதையும் மறைப்பதற்கில்லை.)

ஆகவே, இத்தகைய வீட்டை வாங்க முன்வருவோர், சூரியத் தகடுகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்பாக, பொது இயந்திரங்களின் பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு உரியது, அது முடிந்தபின் செலவு யாருடையது என்பதை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்வது நல்லது. கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இதைப் பற்றியும் எழுத வேண்டுகிறேன்.